அப்பா கட்டாத கடிகாரம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். சித்தப்பாவுக்காக மை செலவழிப்பானேன் என்ற கஞ்சத்தனம்தான். லாமியில் விடாத மழை, தொழிற்சாலையிலும் வேலை இல்லை. அதனால் அவருக்கு இந்த யோகம்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்டுக்குள் புகுந்து மந்திரிகளை அடைத்துவைத்த வருஷம், நாங்கள் சபேட்டோவில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தோம். சித்தப்பா பக்கத்து நாடி டவுனில் டாக்சி ஓட்டினார். பயந்துபோய் ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கிவிட்டதற்காகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார்.

மெல்லிசான பழைய தங்கக் கடிகாரம். முகப்பு முழுக்கப் பச்சைக் கல். கரும்பு வரிசை மாதிரி கோடு கோடாக. எண்ணும் கிடையாது, நொடி முள்ளும் கிடையாது. பணக்காரர்கள் குத்துமதிப்பாகத்தான் மணி பார்ப்பார்கள் போலும்.

ஆஸ்திரேலியா போகச் சித்தப்பாவுக்கு முதலில் வழி கிடைத்தது. விமான நிலையத்தில் கடிகாரத்தை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“நான் கூப்புடுறவரைக்கும் ஒங்ககிட்ட இருக்கட்டும் அண்ணே. நீங்க ஏரோப்ளேன் ஏறுற அன்னிக்கி கட்டிக்கிட்டு வாங்க.”

அப்பா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். காலையில் கரும்புக்குப் போகும்முன் கை கழுவிவிட்டுச் சாவி கொடுப்பார். மறுபடி பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துவிடுவார். மணிக்கட்டுக்கு அது வந்ததே இல்லை.

“கல்யாணத்துக்காச்சும் கட்டுனா என்னா, தேஞ்சா பூடும்?” என்பாள் அம்மா.

“அதுக்குன்னு ஒரு நாளு இருக்குடி.”

விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலேதான் தாழ்ந்து போகும். அப்பா நிமிர்ந்து பார்க்கமாட்டார். எங்களுடையது இன்னும் வரவில்லை என்கிற மாதிரி.

சில வருஷம் கழித்து மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இந்தமுறை ராணுவம். கொஞ்ச நாளில் சித்தப்பா போன் செய்தார். “கல்லுல விரிசல் கிரிசல் இல்லியே அண்ணே?” என்றுதான் முதலில் கேட்டாராம். பிறகு, “நான் வர்றேன்.”

எங்களை அழைத்துப்போகத்தான் வருகிறார், வேறெதற்கு? மறுநாளே பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். சிட்னி போகிறவனுக்கு இங்கே எதற்குப் பரீட்சை? என் சைக்கிளைக் கூட்டாளிக்குக் கொடுத்தேன். “எங்களுக்கு இனிமே காருதான்டா. ஒனக்கு கங்காரு வாலு அனுப்புறேன்” என்றேன். அவன் நன்றி சொல்லவில்லை, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தான்.

சித்தப்பா வந்தார். அவருக்காக வெட்டிய ஆட்டின் கறியைச் சாப்பிட்டார். கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தமாதிரி கல்லு மூஞ்சி கெடியாரத்துக்கு இப்ப அங்க ஆளுங்க அலையிறாங்க அண்ணே.”

கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப நான் எதக் கட்டிக்கிட்டு வர்றது, தம்பி?” என்றார் அப்பா.

“அங்கல்லாம் எவன் அண்ணே கெடியாரம் கட்டுறான்? மணி பாக்க எல்லாரும் போனத்தான் பாக்குறாங்க.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம் அப்பா, உலக நடப்பே தெரியாத ஆள்! அம்மா பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்து பின்பக்கம் போனாள். கறியில் உப்பு கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடிகாரம் முன்னால் போகிறது, நாங்கள் பின்னால் போவோம்: என் கணக்கு அவ்வளவுதான். அன்றைக்கே என் சட்டைகளைப் பெட்டியில் மடித்துவைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். எடுத்துவிடு என்று சொல்லவில்லை. பதில் தெரிந்தேதான் அவர் சித்தப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது எனக்கு எங்கே தெரிந்தது?

காணியின் குத்தகை முடிந்தபின் அந்தப் பெட்டியோடு லாமிக்கு வந்தோம். சைக்கிள் வாங்கிய கூட்டாளிதான் சிட்னி போனான். இதுவரை எழுதியதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

“ஒஞ் சித்தப்பாவ போன வாரம் இங்க கோயில்ல பாத்தன்டா, மணி என்னான்னு கேட்டா போன எடுத்துப் பாத்து சொன்னாரு.”