ஒன்றரை அடித் திட்டு

என் கணவரின் இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. கந்தர்வக்கோட்டை சாலையில் அவர் ஓட்டிப்போன வண்டியில் ஒரு லோடு ஆட்டோ மோதி, எலும்பு உடைந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். பிளேட் வைத்து ஒரு வருஷம் ஆன பிறகும் வாசலுக்கும் அடுப்படிக்குமாகத்தான் நடை. அதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வார். பிசியோதெரபி செய்ய வந்த பெண்தான் சொன்னாள், "சார் தண்ணிக்குள்ள நடந்தா நல்லாருக்கும் டீச்சர். பாரம் முட்டியில விழாது."

புதுக்கோட்டை வரை போய்ப் பொதுக் குளத்தில் நடக்கலாம் என்றேன். சட்டையைக் கழற்றிவிட்டு நாலு பேர் முன்னால் நொண்ட மாட்டேன் என்றார். நான் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றிருந்த நேரம். கையில் பொழுது நிறைய இருந்தது, பிடிவாதம் அதைவிட நிறைய. வீட்டுக்குப் பின்னால் எங்கள் முந்திரித் தோப்பிலேயே ஒரு குளம் கட்டிவிடுவதென்று முடிவு செய்தேன். அவர் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது என் முதல் தப்பு.

திருச்சியிலிருந்து நீச்சல்குளம் கட்டிக்கொடுக்கும் எஞ்சினியர் வந்தார். இருபது அடி நீளம், பத்து அடி அகலம், நடக்கிற இடத்தில் மூன்றரை அடி ஆழம். அதுவரை ஒரு பேச்சும் இல்லை. ஒரு ஓரத்தில் ஆழமில்லாமல் ஒரு திட்டு வேண்டும், நடந்து களைத்தால் அவர் உட்கார வேண்டும் என்றேன். அங்கேதான் ஆரம்பித்தது.

"சன் ஷெல்ஃப்னு சொல்லுவோம் மேடம். ஒம்பது இஞ்ச் தண்ணி. அதுதான் ஸ்டாண்டர்ட். சாய்வு நாற்காலியைப் போட்டுப் படுத்துக்கிட்டு வெயில் காயலாம்."

"இந்த ஊர்ல யாரு சார் வெயில் காயப் போறா? சித்திரை மாசம் வந்து பாருங்க, மொளகா வத்தல்தான் காயும்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் ஒன்பது அங்குலம் என்றே எழுதினார்.

ஒன்பது அங்குலத் தண்ணீரில் தரையோடு தரையாக உட்கார வேண்டும். முட்டி மடங்காத மனுஷன் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது எப்படி? இதை எஞ்சினியருக்கு விளங்கவைக்க ஒரு வாரம் ஆனது. போனில் சொன்னால் "ஓகே மேடம்" என்பார். மறுநாள் அனுப்பும் வரைபடத்தில் அதே ஒன்பது இருக்கும். நான் வீட்டில் இருந்த நாற்காலி, ஸ்டூல், சோபா எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். ஒவ்வொன்றிலும் கணவரை உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். ஸ்டூல் பதினைந்து அங்குலம், அதிலிருந்து அவரால் எழ முடியவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி பதினெட்டு, கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"என்னைய என்ன பரீட்சைக்கா உட்காரவச்சிருக்க?" என்று எரிச்சலோடு உள்ளே போய்விட்டார்.

ஆனால் எனக்கு விடை கிடைத்துவிட்டது. குளத்தின் விளிம்புக்கும் திட்டுக்கும் நடுவே ஒன்றரை அடி. அவர் படியில் இறங்கித் திட்டில் நின்று, திரும்பி, விளிம்பில் நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம், எழலாம். எஞ்சினியரிடம் ஒன்றரை அடி என்றேன். ஒன்றரை அடி என்று எழுதிக்கொண்டார். எங்கிருந்து எதுவரை ஒன்றரை அடி என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து அளக்கிறோம் என்பதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கான்கிரீட் போட்ட அன்று எஞ்சினியர் வரவில்லை. திருவரங்குளத்திலிருந்து வந்த கொத்தனாருக்குப் போனிலேயே அளவைச் சொல்லிவிட்டார். கொத்தனார் தரை மட்டத்திலிருந்து கான்கிரீட் வரை சரியாக ஒன்றரை அடி விட்டுத் திட்டைப் போட்டார். பிறகு அதன் மேல் தண்ணீர் கசியாத பூச்சு, அதன் மேல் சிமெண்ட், அதன் மேல் நீல டைல்ஸ். எல்லாமாக மூன்று அங்குலத்தைத் தின்றுவிட்டன. விளிம்பில் கல் பதிக்கிற வேலை மட்டும் பாக்கி இருந்தது. அன்று தற்செயலாகத்தான் டேப்பை வைத்தேன். பதினைந்து.

மறுபடி வைத்தேன். பதினைந்தேதான். தண்ணீர் விளிம்புக்கு நாலு அங்குலம் கீழேதான் நிற்கும் என்றார்கள். அப்படியானால் திட்டில் பதினோரு அங்குலத் தண்ணீர்.

வேலையாட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கொத்தனாரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் என் வயதுக்காரர். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அவுக சொன்ன ஒன்றரையத்தான் டீச்சர் விட்டேன்" என்றார். எஞ்சினியருக்குப் போன் போட்டேன்.

"பதினோரு இஞ்ச் வருதா? கிட்டத்தட்ட நான் மொதல்ல சொன்ன அளவுதான் மேடம். நல்லாத்தான் இருக்கும்."

போனைக் கிணற்றில் எறியலாம் போலிருந்தது. உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று கத்தினேன். சத்தம் கேட்டு என் கணவர் ஊன்றுகோலோடு தோப்புக்குள் வந்தார். அவ்வளவு தூரம் அவர் நடந்து வந்து பல நாள் ஆகியிருந்தது.

"எதுக்கு ஒடைக்கணும்? மூணு இஞ்சுதான. நான் உட்காந்து காட்டுறேன்."

"வேணாங்க, எந்திரிக்க முடியாது."

"நீ அளந்தது ஸ்டூலு. இது வேற."

ஒரு படி, இரண்டு படி என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் காய்ந்த குளத்துக்குள் இறங்கினார். திட்டில் திரும்பி நின்று விளிம்பில் உட்கார்ந்தார். பார்த்தாயா என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு எழப் பார்த்தார். கையை ஊன்றினார். இடுப்பு ஒரு சாண் எழும்பி மறுபடி விழுந்தது. இரண்டாவது தடவை முகம் சிவந்தது. மூன்றாவது தடவை அவர் முயலவே இல்லை, காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறினார். கடைசியில் கொத்தனாரும் இன்னொருவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

"கொளம் வேணும்னு நான் கேட்டனா?" என்றார். "ஒனக்கு என்னைய நடக்க வைக்கணும். எனக்கு நாலு பேரு தூக்காம இருக்கணும். ரெண்டும் ஒன்னு இல்ல."

தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் மேல் கோபமா, எஞ்சினியர் மேலா, அந்த லோடு ஆட்டோக்காரன் மேலா, என் மேலேயா என்று எனக்கே தெரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

சாயங்காலம் வேலையாட்கள் போன பிறகும் கொத்தனார் போகவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அங்கிட்டு வந்து பாருங்க. கீழ ஒடைச்சா பூச்சு விட்டுப் போயிரும், தண்ணி கசியும். மேல ஏத்திருவோம். விளிம்புக்கு முக்கா இஞ்ச் கல்லுதான போடச் சொல்லிருக்காக? மூணு இஞ்ச் கருங்கல் பலகையாப் போடுவோம். குவாரியில அறுத்துக் குடுப்பாக. படி எறங்குற எடத்துல மட்டும் கல்லு வேணாம், சாரு காலத் தூக்கித் தாண்ட முடியாது. உட்காருற எடம் பதினெட்டு வந்துரும்ல?"

பதினைந்தும் மூன்றும் பதினெட்டு. கணக்கு டீச்சருக்கு இது தோன்றவில்லை.

"காலையில பேசினதை..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்குங்க. நானும் ஒரு வார்த்தை கேட்ருக்கணும். எஞ்சினியர் சொல்லிட்டாருன்னு விட்டுட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கல் வந்து சேர இருபது நாள் ஆனது. முதலில் வந்தது இரண்டு அங்குலம், திருப்பி அனுப்பினேன். இரண்டாவது லோடில் ஒரு பலகை விரிசல் விட்டிருந்தது. இதற்கிடையே ஊரில், டீச்சர் வீட்டில் தொட்டி கட்டித் தண்ணீரே நிற்கவில்லையாம் என்று பேசிக்கொண்டார்கள். கல் பதித்துக் காய்ந்து, தண்ணீர் நிரப்பியபோது ஐப்பசி பிறந்துவிட்டது.

நிரம்பிய பிறகுதான் அடுத்த கோளாறு புரிந்தது. விளிம்பு உயர்ந்ததே தவிரத் தண்ணீர் உயரவில்லை. படியிருந்த இடம் பழைய மட்டத்திலேயே இருந்ததால், அதற்கு மேல் விட்டால், ஆள் இறங்கி நடக்கும்போது அலையடித்து அந்த வழியாகத் தோப்புக்குள் வழிந்துவிடும் என்றார்கள். பதினோரு அங்குலம்தான், கெண்டைக்கால் வரை. முட்டி நனைய வேண்டுமென்றுதான் இத்தனை பாடும். அது தண்ணீருக்கு மேலே ஒரு சாணளவு காய்ந்துகொண்டிருக்கப் போகிறது.

என் கணவர் இதொன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் தோப்புப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். நான் முந்திரி மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆழமான பக்கம் இறங்கி, கம்பியைப் பிடித்தபடி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக ஆறு தடவை நடந்தார். பிறகு உள்படிகளில் ஏறித் திட்டுக்கு வந்து கருங்கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மறைஞ்சது போதும், வா" என்றார்.

போய் நின்றேன். வாயை அடக்க முடியவில்லை. "முட்டி நனையலையேங்க."

"நடக்குறப்ப நனைஞ்சுச்சு. இப்ப உட்காந்துருக்கேன். விடேன்."

எனக்கு விட முடியவில்லை. படிப்பக்கம் ஒரு சின்னத் தடுப்புக் கல் வைத்தால் இன்னும் மூன்று அங்குலம் தண்ணீர் ஏறுமே, கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று என் வாய் பேசிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு கையைக் கல்லில் ஊன்றினார், மறுகையால் கம்பியைப் பிடித்தார். ஒரு தடவை முன்னால் சாய்ந்து எழுந்து நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"துண்டை எடு" என்றார். கிளையில் கிடந்ததை எடுத்து நீட்டினேன். அவர் படியேற நான் கை கொடுக்கவில்லை.