ஒன்றரைக் கட்டை

மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கும்போதெல்லாம் அவருடைய இடது கால் தானாகத் தாளம் போடத் தொடங்கிவிடும். கால் தரைக்கு எட்டாது என்பதால் நாற்காலியின் கீழ்க்கம்பியில்தான் போடுவார். கம்பி அதிர்ந்து மேசை அதிரும். எதிரே உட்கார்ந்து பிளாஸ்டர் கலக்கும் பெண், “அக்கா, பல்லெல்லாம் ஆடுது” என்பாள். மேசைமேல் வரிசையாகக் காத்திருக்கிற, யார் யாருடையவோ பற்களைச் சொல்கிறாள். “இங்க ஆடினா பரவால்ல, வாயில போய் ஆடாம இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டு, இவர் அடுத்த பல்லை மெழுகில் பதிப்பார். கால் மட்டும் நிற்காது.

பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்து இவர் பல் செய்து அனுப்புவார். ஆளைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. ஆனால் அச்சைக் கையில் எடுத்துத் திருப்பினாலே, “இவர் ஒரு பக்கமா மெல்லுறவர். இந்தம்மாவுக்குத் தூக்கத்துல பல்லக் கடிக்கிற பழக்கம். யார் மேல கோபமோ, பாவம்” என்பார். முன்பின் தெரியாதவர்கள் மேல் இப்படிப் பரிதாபப்படுவதில் அவருக்கு அலுப்பே வராது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் பேஸ் கிட்டாரை எடுத்துவிடுவார். நாலு தடித்த கம்பிகள் கொண்ட கிட்டார் அது. பாட்டின் மெட்டை வாசிக்காது, மெட்டுக்கு அடியில் கனமாக நகர்ந்துகொண்டிருக்கும். பாட்டுக் கேட்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நிறுத்திவிட்டால்தான், “என்னமோ குறையுதே” என்று நெற்றியைச் சுருக்குவார்கள். பேஸ் கிட்டார் சாதாரண கிட்டாரைவிட நீளம். இவரோ ஆளே குள்ளம். தோளில் மாட்டிக்கொண்டு நின்றால், இவர் கிட்டாரை வைத்திருக்கிறாரா, கிட்டார் இவரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று சந்தேகம் வரும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா? அந்த நீளக் கழுத்தில் அவருடைய சின்ன விரல்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கம்பி எங்காவது உரசிக் கரகரத்தால், கூடத்தில் பல் ராவுகிற அதே அரத்தை எடுத்து உரசுகிற இடத்தை இழைத்துச் சரிசெய்துவிடுவார்.

வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரஸரின் உறுமலை வாசலில் நின்று கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சங்கீதத்தில் மட்டும் பூஜ்யம். “உன் கிட்டாருக்கும் என் கம்ப்ரஸருக்கும் எனக்கு வித்தியாசமே தெரியலம்மா. ரெண்டும் ம்ம்ம்னுதான் இருக்கு” என்பார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மனைவி வாசித்துப் பதிவு செய்யும்போது அந்த உறுமலும் சேர்ந்து பதிவாகிவிடும் என்பதால், வீட்டு ஃபிரிட்ஜை அணைத்தாக வேண்டும். அணைத்தபின் திரும்பப் போட இருவருக்குமே ஞாபகம் இருக்காது. அந்த வீட்டில் பால் திரிந்துபோனால் புதுசாக ஒரு வாசிப்பு முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

வாசித்ததை எங்கே அனுப்புவார்? ‘களத்துக்கு’. வாத்தியம் வாசிக்கிறவர்களும் பாடுகிறவர்களும் கூடிப் பேசுகிற ஓர் இணையத்தளம் அது. பெரிய பெயர் ஒன்று அதற்கு இருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் களம் என்றுதான் சொல்வார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு கீபோர்டுக்காரர் தொடங்கியது. அட்மின் என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. கம்பி அறுந்தால் என்ன போடலாம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் டிரம்ஸ் பழகுவது எப்படி, மேடையில் கை நடுங்கினால் என்ன செய்யலாம் என்று பேசித் தீராது. எத்தனையோ தளங்கள் வந்து போய்விட்டன. களம் மட்டும் அதே பழைய மஞ்சள் பக்கத்தோடு இருபது வருஷம் ஓட்டிவிட்டது. ஆண்டு நிறைவுக்கு ஆண்டு நிறைவு ஒரு மெட்டைப் பொதுவில் வைப்பார்கள். அவரவர் வீட்டில் அவரவர் பங்கை வாசித்து அனுப்ப, அட்மின் ஒட்டுப்போட்டு ஒரே பாட்டாக்குவார். ஒருவர் வீட்டு நாய் குரைப்பும் இன்னொருவர் மாமியாரின் இருமலும் அதில் சேர்ந்தே வரும். யாரும் அவற்றை நீக்கச் சொன்னதில்லை.

களத்தில் இவருடைய பெயர் ஒன்றரைக் கட்டை. பள்ளிக்கூடத்துத் தோழிகள் உயரத்தைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். சேர்ந்த அன்றைக்கு நல்ல பெயர் எதைப் போட்டாலும் ‘ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது’ என்று வந்துகொண்டிருந்ததால் எரிச்சலில் அதையே தட்டிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது. ஊருக்குக் கட்டை என்றால் குள்ளம். பாடகர்களுக்கோ கட்டை என்பது சுருதிக் கணக்கு. ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்வது. பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஒன்று, ஒன்றரை என்றால் அது ஆண்குரல். அதனால் முதல் நாளே அட்மின், “வாங்கண்ணே! ஒன்றரைக் கட்டையா? கனமான சாரீரமா இருக்குமே!” என்று வரவேற்றுவிட்டார். சங்கீதம் தெரியாத ஒருவனுக்கு இப்படித் தப்பாகத் தோன்றியே இருக்காது.

அவர் திருத்தப் போனார். விரலைத் தட்டச்சுப் பலகையில் வைத்தும்விட்டார். அதற்கு முந்தின மாதம் வேறொரு தளத்தில் கிட்டார் பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். “சிஸ்டர், அது உங்க கைக்குப் பெருசு, சின்னதா அழகா ஒண்ணு வாங்கிக்கங்களேன்” என்று ஒருத்தன் பதில் எழுதினான். இன்னொருத்தன் போட்டோ கேட்டான். கேட்ட சந்தேகத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அதே சந்தேகத்தை இங்கே போட்டதற்கு, “அண்ணே” என்று அழைத்துவிட்டு, நாலு பேர் வரிந்துகட்டிக்கொண்டு கம்பியின் தடிமன் முதல் கட்டைவிரல் வைக்கிற இடம் வரை விளக்கியிருந்தார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். தமிழும் அவருக்கு ஒத்துழைத்தது. அவன் என்றும் அவள் என்றும் பிரித்துப் பேசுகிற மொழி, ‘நான்’ என்று வந்துவிட்டால் ஒன்றும் கேட்பதில்லை. வாசித்தேன், தூங்கினேன், பல் செய்தேன். பொய்யாக ஒரு சொல்கூட எழுதாமல் அவர் வருஷக்கணக்காக அண்ணனாக இருந்தார்.

அவருடைய பதில்கள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். “கிட்டார் மேல தப்பில்ல, நகத்த வெட்டு.” “அழுதது போதும், இப்ப மெதுவா வாசி.” புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்படுவார்கள். பிறகு அண்ணே, அண்ணே என்று சுற்றிச் சுற்றி வருவார்கள்.

அப்படி வந்தவன்தான் தபேலா தம்பி. களத்தில் விற்பனைப் பகுதி ஒன்று உண்டு. ஒருநாள் அதில் தன் தபேலாவை விற்க விளம்பரம் போட்டிருந்தான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது, இனிமேல் வாசிக்க வராது என்று எழுதியிருந்தான். ஐயோ பாவம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஒன்றரைக் கட்டை மட்டும், “வாங்குறவங்க சத்தம் கேக்க வேணாமா? இடது கை நல்லாத்தான இருக்கு? அந்தப் பக்கத்த மட்டும் வாசிச்சு அனுப்பு” என்று எழுதினார். அனுப்பினான். அந்த ஒற்றைக் கை முழக்கத்துக்கு அடியில் தன் பேஸை வாசித்துச் சேர்த்து, எல்லாரும் கேட்கும்படி போட்டார். “சரியாக் கேக்கல. இன்னொண்ணு அனுப்பு” என்றார் மறுநாள். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வருஷம் முழுக்க அவனை விற்கவே விடவில்லை. அந்த வருஷம் பால் திரிந்த கணக்கு வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

கை தேறி மறுபடி மேடை ஏறிய அன்றைக்கு அவன் எழுதினான்: “வீட்ல நானும் அம்மாவும்தான். கூடப் பொறந்தவங்க யாருமில்லையேன்னு இருந்துச்சு. இனிமே அந்தக் கவலை இல்லண்ணே.” அதுவரை சௌகரியத்துக்காக இருந்த பொய் அன்றிலிருந்து கனக்கத் தொடங்கியது. போனில் பேசலாமா என்று அவன் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். தொண்டை சரியில்லை, போனில் பேச வராது என்று மென்று விழுங்கிக்கொண்டே காலத்தை ஓட்டினார்.

இருபதாவது ஆண்டு நிறைவுக்கு அட்மின் போட்ட அறிவிப்பு இதுதான்: ‘இந்த முறை ஒட்டுப்போடுகிற வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் திரையில் முகம் காட்ட வேண்டும். ஒன்றரை அண்ணன் வாசித்துத் தொடங்கிவைப்பார். அண்ணனைப் பற்றித் தபேலா தம்பி பேசுவார்.’

சாப்பாட்டு மேசையில் அதை வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கே? நான் வேணா கிட்டார மடியில வச்சுக்கிட்டு உக்காரவா?”

“நீங்க அதத் தலைகீழாப் பிடிப்பீங்க.”

“அப்ப உள்ளதச் சொல்லிடு. பொம்பளன்னா என்ன, கடிச்சா தின்னுடுவாங்க?”

“மத்தவங்கள விடுங்க. இந்தப் பிள்ளை என்கிட்ட எவ்வளவோ சொல்லியிருக்கான். அண்ணன்கிட்டதான் சொல்றோம்னு நெனச்சுச் சொன்னான். இத்தன நாள் ஏமாத்திட்டீங்களேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டான்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க உக்காருவேன்?” வீட்டுக்காரர் மேற்கொண்டு கேலி பேசவில்லை. எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி கலந்துகொண்டு வந்தார்.

ஞாயிறு மத்தியானம் பின்னறையில், பிரித்துப் போட்ட ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு நடுவே கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிட்டாரைச் சுவரில் சாத்தியிருந்தார். கேமராவைத் திறந்ததும் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையசைத்தார்கள்.

“அண்ணி! வணக்கம் அண்ணி!”

“அண்ணே எங்க அண்ணி? குளிக்கிறாரா?”

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்போடு பின்னால் வந்தார். “அதோ அண்ணே!” என்று ஒரு கூச்சல். கைத்தட்டல் காதைப் பிளந்தது. திரையில் ஒரு கட்டத்துக்குள் ஒல்லியாக ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினான். வலது மணிக்கட்டில் நீளமாக ஒரு தழும்பு. தபேலா தம்பி இப்படித்தான் இருப்பானா? அவன் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்காரர் செம்பும் கையுமாக இடித்த புளி போல நின்றார். மனைவியைப் பார்த்தார். ‘சொல்லு, இருந்துட்டுப் போறேன்’ என்பது போல் இருந்தது அந்தப் பார்வை. சும்மா தலையை ஆட்டினால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். அவன் கும்பிடு இந்த மனுஷனுக்குப் போய்ச் சேரும்.

“அவர் என் வீட்டுக்காரர்” என்றார். “ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவர். ஒன்றரைக் கட்டை நான்தான்.”

யாரும் அசையவில்லை. “நெட்டு போயிடுச்சா?” என்றது ஒரு குரல்.

“நெட்டு இருக்கு. ஸ்கூல்ல எனக்கு வச்ச பேரு அது. நான் குட்டை. சுருதின்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நானும் சொல்லாம விட்டுட்டேன். தப்புதான்.”

அட்மின், “அண்... அக்கா... மேடம்...” என்று தடுமாறினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. “இத்தன வருஷமா ஒரு கட்டைய வச்சு நம்மள ஆட்டி வச்சிருக்காங்கப்பா!” என்று புல்லாங்குழல்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் கோபம் எதுவும் இல்லை.

ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கட்டத்தைத்தான். அதில் காலி நாற்காலி மட்டும் இருந்தது. தம்பி எழுந்து போய்விட்டான்.

“தொடங்கிடலாமா... அக்கா?” என்றார் அட்மின். அவர் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டார். விரல் கம்பிமேல் இருந்தது, வாசிக்க வரவில்லை. வீட்டுக்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் முதுகில் கை வைத்தார்.

காலி நாற்காலிக்குப் பின்னால் கதவு திறந்தது. தம்பி ஒரு வயதான அம்மாவைத் தோளைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தான். நாற்காலியில் உட்காரவைத்தான். அந்த அம்மா திரையை உற்று உற்றுப் பார்த்தார்.

“எங்கடா உங்க அண்ணன்?”

“இதாம்மா.”

“பொம்பளப் புள்ளையால்ல இருக்கு?”

“ஆமாம்மா. எனக்கும் இப்பதான் தெரியும்.” அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரைக்கு முகத்தைத் திருப்பினான். “அண்ணே, அம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு. தூரத்துல இருந்தா தெரியாது. கொஞ்சம் கிட்ட வாங்களேன்.”

அவர் கிட்டாரை இறக்கி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, திரை முழுக்கத் தன் முகம் நிறைகிற வரைக்கும் கேமராவுக்குக் கிட்டே போனார்.