மெஷினுக்கு வருஷம் சொல்லிக்கொடுத்தவர்

காலைச் சங்கு ஊதுமுன் தெய்வநாயகி பஞ்சு பறக்கிற ஷெட்டுக்குள் வந்து, என்னைத் தேடிப் பிடித்துக் காதருகே சொன்னார்: "மயில்சாமிண்ணா, வயசாகி வேலைய உட்டு நிக்கறவங்க லிஸ்ட்டை மில் கேட்டுல ஒட்டியிருந்தாங்க. உங்க பேரும் இருந்துதுங்க. யாரும் பாக்கறதுக்குள்ள கிழிச்சுட்டேன். பயந்துக்காதீங்க, தப்பு மெஷினு மேல."

எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று.

தெய்வநாயகி ராசிபுரத்துப் பெண். எண்பத்தாறில் எங்கள் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை ஓட்ட வந்தவர். சித்திரை வெயிலிலும் ஏசி அறைக்குள் ஸ்வெட்டர் போட்டிருப்பார். பஞ்சுத் தூசி படாமல், கணக்கு ஏற்றிய ஃப்ளாப்பித் தட்டுகளை டிபன் டப்பாவில் வைத்திருப்பார். மேனேஜர் ஒருநாள் ஆசையாகத் திறந்துவிட்டு அசடு வழிந்தார்.

மெஷினில் வருஷத்துக்கு இரண்டு எண்தான் இடம். நான் ஐம்பத்தெட்டு வயது முடிந்து நிற்கவேண்டியது இரண்டாயிரத்தொன்றில். மெஷின் அதைச் சைபர் ஒன்று என்று வைத்துக்கொண்டு, 'இப்போதே வருஷம் எண்பத்தாறு ஆகிவிட்டதே, இவன் எப்போதோ போயிருக்கணுமே' என்றது. கிழவர்களை விட்டுவிட்டு இளவட்டங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியது.

மேனேஜர் என்னையும் வைத்துக்கொண்டு சுலபமாக வழி சொன்னார். "எல்லாரும் நாப்பத்தொண்ணுல பொறந்ததாப் போட்டுரும்மா. தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஓடும். அப்பறம் இந்த மில்லே இருக்குமோ என்னமோ."

"மில்லு இல்லாட்டிப் போகுதுங்க சார், ஆளு இருப்பாங்கல்லங்க? இந்த அண்ணனோட ரெண்டு வருசத்தை நான் எப்படிங்க எடுக்கறது?"

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நாலு எண்ணில் வருஷத்தை மாற்றினார். பத்து நாள், ஞாயிறும் சேர்த்து. பதினோராம் நாள் எங்களைக் கூப்பிட்டு மெஷினின் தேதியைப் பதினைந்து வருஷம் முன்னால் தள்ளி வைத்தார். "இன்னைக்கு ரெண்டாயிரத்தொண்ணு ஆவணிங்க. இந்த மாசம் நிக்கறவங்க பேரு மட்டும் வரும் பாருங்க."

பிரிண்டர் கிறீச்சிட்டது. முருகா என்றேன். ஆவணியில் பிறந்த என் பெயர் மட்டும் வந்தது.

ஷெட்டில் எனக்குப் பக்கத்து நூல் மெஷினை ஓட்டும் பொன்னனுக்கு முப்பது வயது. "என் பேரு வரலீங்களே, அம்மிணி?" என்றார்.

"நீங்க இன்னும் பதிமூணு வருசம் பஞ்சு திங்கோணுமுங்க."

சிரிப்பில் ஏசி அறையே சூடாகிவிட்டது. மடியிலிருந்த திருநீற்றை மெஷினுக்குப் பூசப் போனேன். "அதுக்குத் தூசி ஆகாதுங்ண்ணா, எனக்கு வெச்சு உடுங்க" என்று நெற்றியைக் காட்டினார்.

போன தையில் கோயமுத்தூருக்கு வேறு வேலைக்குப் போனார். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியே சொன்னார்: "என்னைய மறந்தாலும் மறந்துருங்ண்ணா. ரெண்டாயிரத்தொண்ணு ஆவணிக்கு முந்தி யாராச்சும் நிக்கச் சொன்னா மட்டும் நிக்காதீங்க."