நுரை வராத பாட்டிலும் பரமேஸ்வரி அக்காவும்

பரமேஸ்வரி அக்கா தவறிவிட்டார் என்று தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய்க்கிழமை காலை செய்தி வந்தபோது, நான் கலவைத் தொட்டியின் அருகில் நின்றிருந்தேன். பாதியில் நிறுத்தினால் தொட்டி முழுக்க வீண். நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் ஸ்கூடாயில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் அதைத்தான் செய்திருப்பார். கெலாங் பாத்தா தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் தொலைபேசியை எடுப்பது அவர் வேலை. சோப்புத் திரவம் தயாரிப்பது என் வேலை. "முன்னெல்லாம் எங்க கிடைக்கும், என்ன விலைன்னு கேப்பாங்க. இப்ப உள்ள என்ன இருக்கு, ஆத்துல போனா மீன் சாவுமான்னு கேக்குறாங்க. பதில எழுதிக் குடு, நான் படிச்சிடுறேன்" என்று வந்து நிற்பார். எழுதிக் கொடுத்தால், "இது உனக்காவது புரியுதா தம்பி?" என்று திருப்பித் தருவார்.

அந்தக் கேள்விகளை நம்பித்தான் ஆற்றுக்குக் கெடுதல் குறைந்த பாத்திரம் கழுவும் திரவத்தை உருவாக்கினேன். அதற்கு அடையாளமாக லேபிளில் பச்சை இலைப் படம் போட்டோம். முதல் மாதம் நன்றாக விற்றது. அடுத்த மாதம், நுரையே வரவில்லை என்று புகார் குவிந்தது. நுரைக்கும் அழுக்கு போவதற்கும் சம்பந்தமில்லை, மக்களுக்குத் தெரியவில்லை என்றேன்.

"மக்களுக்குத் தெரியலையா, உனக்குத் தெரியலையான்னு போய்ப் பாக்கலாம் வா லா" என்றார் அக்கா.

புகார் சொன்ன ஒரு பெண்மணியின் சமையலறையில் போய் நின்றோம். அக்கா கேள்வி எதுவும் கேட்கவில்லை. "எப்பவும் கழுவுற மாதிரி கழுவுங்க" என்றார், அவ்வளவுதான். மீன்கறிச் சட்டி. இரண்டாவது தடவை ஊற்றித் தேய்த்ததிலேயே சுத்தமாகிவிட்டது. நுரை இல்லாததால் அந்தப் பெண்மணி ஐந்து தடவை ஊற்றினார். "ஆறு நல்லா இருக்கட்டும்னுதான் இத வாங்குறேன். ஆனா பழசு ஒரு மாசம் வரும், இது பத்து நாள்ல முடிஞ்சிடுது" என்றார்.

திரும்பும்போது காரில் அக்கா சொன்னார்: "ஆத்துக்கு நல்லதுன்னு சொல்லி மூணு பங்கு ஊத்த வெச்சிருக்க."

முதலாளி அவசரப்பட்டார். ஆற்றுக்குக் கெடுதலான பழைய நுரைச் சரக்கையே சேர், இலை அப்படியே இருக்கட்டும் என்றார். விற்பனை விழுந்துகொண்டிருந்தது. நானும் அந்தக் கலவைக்குக் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டேன்; அதை இங்கே மறைக்கப்போவதில்லை. அக்காதான் மறுத்தார். "அந்த அம்மா போன் பண்ணி உள்ள என்ன இருக்குன்னு கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன் பாஸ். இலை இருக்கணும்னா போன் எடுக்க வேற ஆள் பாருங்க."

அப்போது அக்கா வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். பிறகு முதலாளி அந்தத் திரவத்தின் விற்பனையை நிறுத்திவிட்டு, வேறு வழி கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் கொடுத்தார்.

தேங்காயெண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுக்கும் மென்மையான நுரைப்பொருளைச் சேர்த்தேன். மூடியின் துளையைச் சிறிதாக்கச் சொன்னது அக்கா. இத்தனை படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அதே சமையலறையில், அதே பெண்மணி இரண்டு தடவையோடு நிறுத்தினார். இன்று எங்களிடம் அதிகம் விற்பது அந்தத் திரவம்தான். இலையும் இருக்கிறது, சொல்வது உண்மையாகவும் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் தேறியதை இப்போதெல்லாம் நான் தேறியதாக எழுதுவதில்லை. யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய், அவர்கள் கழுவி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் பார்க்கிறேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மௌனம். தவறாகத் தேய்ப்பவரைத் திருத்தாமல் நிற்பது எனக்கு இன்னும் கடினம்தான். நிற்கிறேன்.