காலி பெஞ்சில் உட்கார்ந்த அக்கா

எதிர்த் தெருவில் புது டாக்டர் கடை விரித்த நாளிலிருந்து பழைய டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் வேலை பார்த்த கம்பவுண்டருக்குச் சம்பளம் தள்ளிப்போனது. டாக்டர் கையில் காசு புரண்டால்தானே இவர் வீட்டில் உலை கொதிக்கும்? காலி பெஞ்சைப் பார்த்தால் எவன் உள்ளே வருவான், கூட்டம்தான் கூட்டத்தை இழுக்கும் என்று டாக்டரும் சாடையாகச் சொல்லிவைத்தார். கம்பவுண்டர் போய் அக்காவை அழைத்துவந்து, தெருவுக்குத் தெரிகிற மாதிரி உட்காரவைத்தார்.

அக்கா கூடப்பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். ஆனால் தாயில்லாப் பிள்ளையான இவரை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள்.

“சும்மா உக்காந்தா சந்தேகப்படுவாங்கடா. விலாவுக்குக் கீழ ஒரு வலி இருக்கு, அதையே காட்டிக்கிறேன்” என்று சிரித்தாள்.

ஆளில்லாத டாக்டருக்குக் கனிவு பொங்கும். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அவள் மருமகள் கதையை முழுசாகக் கேட்டார். வாயுதான், அடுத்த வாரமும் வாங்க என்றார். ஒரு வாரம் ஊசி, மறுவாரம் வேறு நிறத்தில் மாத்திரை. பெற்ற மகன்கூட இப்படி விசாரித்ததில்லை என்று அக்கா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். கேட்டவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

அக்காவின் வளையல் முழங்கைவரை ஏறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று கம்பவுண்டர் மென்று விழுங்கிக் கேட்டார்.

“இருக்கிறவங்களையும் அனுப்பிட்டு நாம என்னய்யா பண்றது?” என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் அக்காவுக்கு அடுத்த வார மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டினார்.

பெஞ்சு நிறைந்தது. வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். டாக்டருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அக்கா வலி என்று வாயெடுப்பதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கிழித்து நீட்டினார்.

அங்கிருந்த டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இத்தனை மாசமா எங்கம்மா இருந்தீங்க?”

“டாக்டர்கிட்டதாம்மா இருந்தேன்” என்றாள் அக்கா, பெருமையாக.

அக்காவின் அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய கம்பவுண்டரின் தோளை டாக்டர் தட்டினார். “உங்க அக்கா ராசிக்காரிய்யா. அவங்க வந்து உக்காந்தாங்க, பெஞ்சு நிறைஞ்சிடுச்சு.”

“ஆமாங்க. அவளை எழுந்திரிக்கத்தான் நாம விடல.”

டாக்டர் காதில் விழவில்லை; அடுத்த ஆளுக்கு மணியடித்துவிட்டார். அந்த மாதம் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தார். கம்பவுண்டர் வாங்கிக்கொண்டார். உலை கொதிக்க வேண்டுமே.