பெட்டி எந்த அறையில்?

பள்ளிக்கூடக் கூரையில் ஏறியதும் ஏணியக்கா மல்லாந்து படுத்துவிட்டார். கீழே நின்ற ஆசிரியர்கள் பதறிப்போய், "மயங்கி விழுந்துட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். இல்லை, வானம் பார்க்கிறார் என்றேன். மரக்கிளை, தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம் எதுவும் குறுக்கே வராத இடமாகப் பார்த்துத்தான் இன்டர்நெட் டிஷ்ஷை நிறுத்த வேண்டும். அப்போதுதான் செயற்கைக்கோள் அதன் கண்ணில் படும். முதுகு சுடச் சுட மூன்று இடங்களில் புரண்டு படுத்து, நான்காவது இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "இங்கதான். அரைகுறை வானத்துல அரைகுறைப் பாடம்தான் வரும்."

எங்கள் கல்வி அறக்கட்டளையில் அவருக்கு ஏணியக்கா என்று பெயர். வயது நாற்பத்தெட்டு. கேபிள் டி.வி.க்கு ஒயர் இழுத்தே இருபது வருஷம் ஓட்டியவர். இப்போது நாடு நாடாகப் போய், இன்டர்நெட் எட்டாத பள்ளிக்கூடங்களில் டிஷ் மாட்டுகிறார். நான் கூடப் போவது மொழிபெயர்க்க. ஸ்பேனர்களை எவர்சில்வர் டிபன் டப்பாவில்தான் கொண்டு வருவார். விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டாத பயணம் கிடையாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்து, பாத்திரம்போல வரிசையாகக் கவிழ்த்து வைப்பார். வீட்டுக்காரர் தினமும் ஃபோன் செய்து ஒரே கேள்விதான் கேட்பார்: "எறங்கிட்டியா?" கூரை விளிம்பில் உட்கார்ந்தபடியே, "எறங்கிட்டேன்" என்பார் இவர். இதைத் தவிர வேறு பொய் அவர் வாயில் நான் கேட்டதில்லை.

வேலை முடியும்வரை யார் கொடுக்கும் தேநீரையும் தொடமாட்டார். காரணம் அவர் டிஷ் மாட்டிய முதல் பள்ளிக்கூடம். அங்கே தலைமையாசிரியர் விழுந்து விழுந்து உபசரித்திருக்கிறார். வைஃபை கொடுக்கும் இன்டர்நெட் பெட்டியை என் அறையிலேயே வையுங்கள், பத்திரமாக இருக்கும் என்று அவர் கேட்க, இவரும் வைத்துவிட்டார். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெட்டி பீரோவுக்குள் இருந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

"அங்க இருந்த பிள்ளைங்க, 'கூரையில இருக்கே, அந்தத் தட்டு எதுக்கு?'ன்னு என்னையே கேட்டுச்சுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருந்துச்சு" என்று இன்றும் சொல்கிறார். தப்பு அந்தத் தலைமையாசிரியருடையது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்தப் பள்ளியிலும் அதே கதை. டிஷ் ஏறிவிட்டது. பெட்டி பூட்டிய என் அறைக்குள், என் மேசையில்தான் இருக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியர். இல்லாவிட்டால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டாராம். கையெழுத்து இல்லையென்றால் டிஷ்ஷைக் கழற்றி எடுத்துவந்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. நூற்றிருபது பிள்ளைகள் ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஏணியக்காவைத் தனியே அழைத்தேன்.

"விட்டுக் குடுத்துடலாம் அக்கா. எந்த ரூம்ல இருந்தா என்ன, இன்டர்நெட் இன்டர்நெட்தானே?"

"பூட்டின ரூம்ல இருந்தா அது பொம்மை."

ஏணியக்கா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். ஆனால் தலைமையாசிரியரும் கெட்டவர் அல்லர். போன வருஷம் இரண்டு கம்ப்யூட்டர்கள் திருடு போய், விசாரணை என்று அவரை மூன்று மாதம் அலைக்கழித்திருக்கிறார்கள். "இதுவும் தொலைஞ்சா யார் தலை உருளும்? என் தலைதானே?" என்று கேட்டார். நான் அதை எடுத்துச் சொன்னதும் ஏணியக்கா முதல்முறையாக அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அவர் பயப்படறது நியாயம்தான். இருக்கச் சொல்லு, வரேன்."

பள்ளியின் சாமான் அறையில் பழைய மேசை விசிறி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் கம்பிக் கூண்டைக் கழற்றினார். ஏணியை வகுப்பறைக்குள் தூக்கிவந்து, உத்தரத்தை ஒட்டிய உயரத்தில் பெட்டியைப் பொருத்தி, அதன்மேல் கூண்டைக் கவிழ்த்து, எட்டு போல்ட் போட்டு இறுக்கினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. இறங்கிவந்து தலைமையாசிரியரிடம், "இதைத் திருடணும்னா என்னை மாதிரி ஒருத்தி ஏணியோட வரணும். அப்படி யாராவது வந்தா சொல்லி அனுப்புங்க, வேலைக்குச் சேத்துக்கறேன்" என்றார். வழக்கமாக அவர் பேச்சில் பாதியைத்தான் மொழிபெயர்ப்பேன். இதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தலைமையாசிரியர் சிரித்தார். தானே ஏணியில் ஏறிக் கூண்டை ஆட்டிப் பார்த்தார், இறங்கிவந்து கையெழுத்துப் போட்டார்.

போட்ட கையோடு ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். "பெட்டி அங்கயே இருக்கட்டும். பாஸ்வேர்டை மட்டும் இதுல எழுதிக் குடுங்க. என்கிட்ட இருக்கட்டும்."

மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. பாஸ்வேர்டு என்ற சொல்லே ஏணியக்காவுக்குப் போதுமாக இருந்தது. காகிதத்தை வாங்காமல், பையிலிருந்து தடித்த மார்க்கரை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனார். ஜன்னலில் நின்றவர்களிலேயே ஆகச் சின்னப் பெண்ணைக் கைகாட்டி உள்ளே அழைத்தார். அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, மண்டிபோட்டு, அவள் கண் உயரத்தில் பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தார்.