எட்டு மணி முலாம்பழம்

இயோலேயிடம் முலாம்பழம் வாங்குவதென்றால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "என்னைக்கு, எத்தனை மணிக்குச் சாப்பிடப் போறீங்க?" மத்தியானம் என்றால் ஒரு பழம், ராத்திரி என்றால் வேறு. காம்புப் பக்கம் கட்டைவிரலால் ஓர் அழுத்து, பிறகு மூக்கருகே ஒரு கணம். இத்தாலியில், போலோன்யா நகரச் சந்தையின் வாசலை ஒட்டிய மூலைக் கடையில் முப்பத்தொரு வருஷமாக இதுதான் நடக்கிறது. அந்த மூக்கு ஒரு தடவைகூடத் தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வாங்க வருகிறவர் பழத்தைத் தொடக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த இங்கிதம் எங்கே தெரிகிறது? மாவு பிசைவது போல பீச் பழங்களை அமுக்குவார்கள். இயோலே அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைப்பாள். வலிக்காது, சத்தம்தான் கேட்கும்.

அந்தத் திங்கட்கிழமை அப்படி அடி வாங்கியவர் ஒரு டச்சுக்காரப் பெண்மணி. அவர் ஆசைப்பட்டு எடுத்த முலாம்பழத்தையும் இயோலே பிடுங்கி வைத்துவிட்டு, வேறொன்றைக் கொடுத்து, எத்தனை மணிக்கு வெட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள். அம்மாள் நேரே போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். சந்தை மேற்பார்வையாளர் தெல்மோ காகிதத்தோடு வந்தான்.

"அக்கா, இது மூணாவது புகாரு. சனிக்கிழமை வரைக்கும் கையையும் வாயையும் கட்டிக்கிட்டு இருங்க, நான் மேலிடத்துல பேசிப் பாக்குறேன். இல்லேன்னா கடை பின்வரிசைக்குப் போயிடும்."

"மீன் கடைங்க பக்கத்துலயா?"

"அங்கதான் எடம் இருக்கு."

மீன் வாடைக்கு நடுவில் எந்தப் பழத்தை மோந்து பார்ப்பது? மூக்கு போனால் அவளிடம் வேறென்ன இருக்கிறது?

மறுநாளிலிருந்து வாயே திறக்கவில்லை. வந்தவர்கள் அமுக்கினார்கள், உருட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எதிரே பாலாடைக்கட்டி விற்கும் நேரினாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, பல்லு வலியா?"

"போடி, உன் வேலையப் பாரு."

"நீ திட்டாம நிக்கிறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குடி. டாக்டரக் கூப்பிடட்டுமா?"

வியாழக்கிழமைக்குள் பீச் பழமெல்லாம் விரல் குழி. பழைய வாடிக்கைக்காரர்கள் பார்த்தார்கள், ஒரு கட்டுக் கீரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து இயோலே அழுதாள். பக்கத்துக் கடையில் நின்ற எனக்கும் மனசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த டச்சுக்கார அம்மாள் மறுபடி வந்தார், கணவரையும் கூட்டிக்கொண்டு. தெல்மோ அங்கேயே நின்றிருந்தான். இயோலே இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"எது வேணுமோ எடுத்துக்குங்க" என்றாள், செத்த குரலில்.

அம்மாள் எடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர் போல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நாளைக்கு. ராத்திரி. எட்டு மணி. ஆறு பேர்."

இயோலே அவரையே பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க குடுத்த பழம்... நீங்க சொன்ன நேரத்துல வெட்டினோம்" என்றார் அம்மாள். "அப்படி ஒரு பழம் நான் சாப்பிட்டதே இல்ல." பிறகு தெல்மோவிடம் கையை நீட்டினார். "என் காகிதத்தைக் குடுங்க."

தெல்மோ சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அதை நாலாகக் கிழித்தார்.

நன்றி சொல்லத்தான் இயோலே வாயைத் திறந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "எட்டு மணியா? அதுவரைக்கும் ஆறு பேரும் பட்டினியா கெடக்கணுமா?" கைகள் ஏப்ரனை விட்டு வெளியே வந்தன. குனிந்து அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

அந்த நேரம் பார்த்து அம்மாளின் கணவர் ஒரு பீச் பழத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

பட்டென்று ஒரு அடி.

எதிர்க்கடையிலிருந்து நேரினா கத்தினாள். "அப்பாடா! இயோலேக்கு ஒடம்பு சரியாயிடுச்சு!"

அடித்தது டச்சுக்கார அம்மாள்.